வடத்தை வெட்டிய கப்பலும் காத்திருந்த கப்பல்களும்: புதுச்சேரிக் கடலில் 1761 புத்தாண்டு இரவு

1761 ஜனவரி 2-ஆம் தேதி, புதுச்சேரிக் கோட்டைக்குள் முற்றுகையில் கிடந்த பிரெஞ்சுத் தளபதி லாலி, பழவேற்காட்டில் இருந்த ரேமோன் என்ற பிரெஞ்சு முகவருக்கு அவசரமாக ஒரு கடிதம் எழுதினார். ஆங்கிலேயரின் கப்பல்படை ஒழிந்துவிட்டது என்று தொடங்குகிறது அது. நம் துறைக்கு எதிரே நின்ற பன்னிரண்டு கப்பல்களில் ஏழு ஆட்களோடு போய்விட்டன, நான்கு பாய்மரம் இழந்து நிற்கின்றன, தப்பியது ஒன்றே ஒன்றுதான். ஆகவே ஒரு நொடியும் தாமதிக்காமல் சலங்கு சலங்காக, அதாவது படகு படகாக, அரிசியை அனுப்பு. எதையும் துணிந்து செய். ஒரு தடவைக்கு அரைக் கரிசை (பழைய தானிய அளவு) ஆனாலும் சரி, அரிசி வர வேண்டும்.

எதிரியின் கப்பல்படை கண் முன்னே அழிந்ததைப் பார்த்த தளபதி பீரங்கி கேட்கவில்லை, ஆள் கேட்கவில்லை, அரிசி கேட்டார். கோட்டைக்குள் நிலைமை அப்படி. அந்தக் கடிதமும் ரேமோனுக்குப் பயன்படவில்லை. வழியில் ஆங்கிலேயர் கையில் சிக்கிவிட்டது.

லாலியின் கணக்கு கொஞ்சம் மிகை. ஆனால் ஒரே இரவில் ஆங்கிலேயர் மூன்று கப்பல்களைக் கடலடியில் இழந்தார்கள், மூன்றைக் கரையில் இழந்தார்கள், சுமார் 1,100 பேரை இழந்தார்கள். இதெல்லாம் உண்மை. அதில் பிரெஞ்சுக்காரரின் குண்டு ஒன்றுகூடப் படவில்லை. அத்தனையும் காற்றும் தண்ணீரும் செய்த வேலை. காற்றும் தண்ணீரும் மட்டும்தானா என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

துறைமுகம் இல்லாத துறை

இன்று கடற்கரைச் சாலையில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் எளிதில் கண்ணில் படாது. புதுச்சேரிக்கும் சரி, கடலூருக்கும் சரி, பெரிய கப்பல் ஒதுங்கி நிற்க இயற்கையான இடம் என்று ஒன்று கிடையாது. வளைகுடா இல்லை, மறைப்புக்கு ஒரு தீவு இல்லை, குன்று இல்லை. ஆற்று முகத்துவாரங்கள் சின்னப் படகுகளுக்கு மட்டும்தான் ஆழம். பெரிய கப்பல் வந்தால் கரையிலிருந்து ஒன்றிரண்டு மைல் தள்ளித் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்க வேண்டும். ஆளையும் சரக்கையும் சலங்கில்தான் ஏற்றி இறக்க வேண்டும். பலகைகளை ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த படகு அது. அலை அடித்தால் உடையாமல் நெளிந்து கொடுக்கும். ஐரோப்பியர் எவ்வளவு பெரிய கப்பலில் வந்து இறங்கினாலும், கடைசி ஒரு மைலுக்கு நம் ஊர் முக்குவர்களும் பட்டினவர்களும் துடுப்புப் போட்டால்தான் கரையைத் தொட முடியும்.

பின்னாளில் 1866-ல் புதுச்சேரியில் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று கட்டினார்கள். 1952 புயலில் அதுவும் போயிற்று. அந்தக் கடல் எதையும் எளிதில் வைத்துக்கொள்ள விடாது.

அதனால் அக்காலக் கப்பல்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும் முன்பே இந்தக் கரையை விட்டுப் போய்விடுவார்கள். ஆங்கிலேயர் பம்பாய்க்குப் போவார்கள், அல்லது டச்சுக்காரர் வசம் இருந்த திருகோணமலையில் ஒதுங்குவார்கள். பிரெஞ்சுக்காரர் மொரீசியஸுக்குப் போவார்கள். புயல் காலம் கழிந்து திரும்புவார்கள். ஏட்டில் எழுதிய சட்டம் இல்லை, ஆனால் மீறியவர்களுக்குக் கிடைத்த அடி எல்லோருக்கும் நினைவிருந்தது.

1760-ல் ஆங்கிலேயர் அந்த வழக்கத்தை மீறினார்கள். காரணம் முற்றுகை.

முற்றுகையின் கடைசி வாரங்கள்

1760 ஜனவரியில் வந்தவாசியில் தோற்றபின் பிரெஞ்சுக்காரர் ஒவ்வொரு ஊராக இழந்துகொண்டே வந்தார்கள். ஆண்டின் பிற்பகுதியில் கையில் மிஞ்சிய பெரிய இடம் புதுச்சேரிதான். நிலத்தில் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படை, கடலில் ரியர் அட்மிரல் சார்லஸ் ஸ்டீவன்ஸின் கப்பல்கள். நிலத்தில் எவ்வளவு இறுக்கினாலும் கடல் திறந்திருந்தால் அரிசி வந்துவிடும். மழைக்காலம் வந்துவிட்டதே என்று கப்பல்கள் போய்விட்டால் இரண்டரை மாதம் கோட்டை மூச்சு விடும். அதற்கு இடம் கொடுக்க ஆங்கிலேயருக்கு மனமில்லை. ஸ்டீவன்ஸ் பழுது பார்க்கத் திருகோணமலைக்குப் போனபோதும் ஐந்து கப்பல்களைப் புதுச்சேரிக்கு முன்னால் நிறுத்திவிட்டுத்தான் போனார். பருவமழைக் காலம் முழுவதும் அவை அங்கேயே நின்றன. அதிர்ஷ்டமோ திறமையோ, ஒன்றும் ஆகவில்லை.

கோட்டைக்குள் பட்டினி முற்றியது. நவம்பர் 27 அன்று லாலி, நகரத்தில் எஞ்சியிருந்த தமிழ் மக்களில் சுமார் 1,400 பேரை, ஆண் பெண் குழந்தை என்று பார்க்காமல், வெளியே அனுப்பினார். ஆங்கிலேயர் காவல் வரிசை அவர்களைக் கடக்க விடவில்லை. திரும்பிப் போனால் கோட்டை உள்ளே விடவில்லை. இரண்டு தரப்புத் துப்பாக்கிகளுக்கும் நடுவில், நகரைச் சுற்றியிருந்த முள்வேலி அரணுக்குள்ளே, எட்டு நாள் புல் வேரைத் தின்று கிடந்தார்கள். கடைசியில்தான் கூட் அவர்களைப் போக விட்டார். கப்பல் கதையில் இது எதற்கு என்று கேட்கலாம். 1,100 மாலுமிகளை எண்ணிக்கையோடு குறித்துவைத்தவர்கள், இந்த எட்டு நாளில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதைப் பொருட்படுத்தவில்லை. அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

டிசம்பர் 25-ஆம் தேதி, கிறிஸ்துமஸ் அன்று, ஸ்டீவன்ஸ் திருகோணமலையிலிருந்து திரும்பினார். புயல் காலம் முடிந்தது என்பதே எல்லோருடைய எண்ணமும்.

டிசம்பர் கடைசியில் புயல் வராது என்று நம்பிய ஆட்கள் நம் காலத்திலும் இருந்தார்கள். 2011 டிசம்பர் 30 விடியற்காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் தானே புயல் கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போயின. 1760-ல் கடல் பொங்கத் தொடங்கியதும் அதே டிசம்பர் 30 அன்றுதான். தேதி பொருந்தியது வெறும் தற்செயல். ஆனால் வானிலை அந்த வாரத்திலும் இந்தக் கரையை மன்னிப்பதில்லை என்பது தற்செயல் இல்லை.

அந்த இரவு

டிசம்பர் 30 அன்று வானம் நன்றாகவே இருந்தது. காற்றும் சாதாரணம். ஆனால் தென்கிழக்கிலிருந்து கனமான அலை வந்துகொண்டே இருந்தது. 31 அன்று கரையில் அலை மிகவும் உயர்ந்து, பகல் முழுவதும் ஒரு சலங்குகூடக் கடக்க முடியவில்லை.

வீராம்பட்டினத்தில் எனக்குத் தெரிந்த மீனவப் பெரியவர் ஒருவர் உண்டு. எழுபதைத் தாண்டியவர். இந்த இரண்டு நாள் விவரத்தை மட்டும், வருடத்தைச் சொல்லாமல், அவரிடம் சொன்னேன்.

“காத்தே இல்ல, அலை மட்டும் பெருசா வருதுன்னா, தூரத்துல எங்கேயோ புயல் நிக்குதுன்னு அர்த்தம் தம்பி. கடல் முன்னாடியே சொல்லிடும். காத்துதான் பின்னாடி வரும்” என்றார்.

“அப்போ என்ன செய்யணுங்க ஐயா?”

“போட்ட வலை கடல்ல இருந்தா, எடுக்கறதுக்கு நேரம் இல்லன்னா, வெட்டி வுட்டுட்டு வந்துடணும். வலை போனா வாங்கிக்கலாம்.”

இருபத்தோராம் நூற்றாண்டு வானிலை அறிவியலும் இதையேதான் சொல்கிறது. புயல் கிளப்பும் நீள அலை, புயலை விட வேகமாக ஓடி முன்கூட்டியே கரையை அடையும். ஸ்டீவன்ஸின் கப்பல்களில் இருந்தவர்கள் அந்த அலையைப் பார்த்தார்கள். கரையில் இருந்த கட்டுமரக்காரர்களும் பார்த்திருப்பார்கள். அவர்களை யாராவது கேட்டார்களா என்பது வேறு கேள்வி.

31 மாலை காற்று ஏறியது. வானம் மங்கியது. இரவு எட்டு, ஒன்பது என்று ஏறிக்கொண்டே போய், பத்து மணிக்கு வடமேற்கிலிருந்து புயலாகவே அடித்தது. அப்போதுதான் ஸ்டீவன்ஸ் முடிவெடுத்தார். அவருடைய நார்ஃபோக் கப்பலின் நங்கூர வடத்தை வெட்டச் சொன்னார். கூடவே பீரங்கி வெடித்துச் சைகை கொடுத்தார்: எல்லோரும் வெட்டிவிட்டுக் கடலுக்குப் போங்கள்.

சைகை போய்ச் சேரவில்லை. காற்றின் இரைச்சலில் வெடிச்சத்தம் கேட்கவில்லை, மழையில் வெளிச்சம் தெரியவில்லை. நார்ஃபோக் இருட்டில் ஆழ்கடலுக்குப் போய்விட்டது. மற்றக் கப்பல்கள், தலைமைக் கப்பல் இன்னும் பக்கத்தில்தான் நிற்கிறது என்ற எண்ணத்தில், உத்தரவுக்காகக் காத்துக்கொண்டு நங்கூரத்திலேயே நின்றன.

நள்ளிரவு வாக்கில் காற்று வடகிழக்குக்குத் திரும்பியது. பிறகு அடங்கியது. சுற்றிலும் அடர்ந்த மூட்டம். சில நிமிடம்தான். அதன்பின் தென்கிழக்கிலிருந்து பாய்ந்தது, முதலில் அடித்ததை விடப் பல மடங்கு வேகத்தோடு.

பேந்தர், அமெரிக்கா, மெட்வே, ஃபால்மவுத் ஆகிய நான்கும் முதல் வீச்சிலேயே பக்கவாட்டில் சாய்ந்து படுத்தன. ஆட்கள் கோடரியோடு ஓடிப் பாய்மரங்களை வெட்டித் தள்ளினார்கள். மேல் பாரம் குறைந்ததும் கப்பல்கள் நிமிர்ந்தன. மொட்டைக் கட்டையாக, ஆனால் மூழ்காமல், விடியும்வரை தாக்குப்பிடித்தன.

நியூகாசில், குயின்பரோ, தீக்கப்பலான (எதிரிக் கப்பல்களைக் கொளுத்தத் தீ வைத்து அனுப்பும் கப்பல்) புரொடெக்டர் ஆகிய மூன்றும் பாய்மரம் இல்லாமல், எங்கே போகிறோம் என்றே தெரியாமல், காற்று தள்ளிய திசையில் போயின. அலை கரையில் உடையும் சத்தம்கூடக் காற்றிரைச்சலில் கேட்கவில்லை. அதிகாலை இரண்டு மணி வாக்கில் புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பத்துப் பக்கம், மணலில் ஏறி நின்றன.

மிஞ்சிய மூன்று கப்பல்கள்: டியூக் டி அக்விடேன், சண்டர்லாந்து, சரக்குக் கப்பலான டியூக். அவை மூழ்கின. மறுநாள் மிதக்கும் மரத்துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்த ஏழு ஐரோப்பியரும் ஏழு லஸ்கர்களும் (ஆசிய மாலுமிகள்) மட்டும் உயிரோடு எடுக்கப்பட்டார்கள். 1,100 என்ற எண்ணிக்கை ஐரோப்பியரை மட்டும் வைத்துச் சொன்னது. மூழ்கிய லஸ்கர்களின் எண்ணிக்கை அதில் இல்லை.

டியூக் டி அக்விடேன் பற்றி ஒரு குறிப்பு. பெயரே சொல்லும், அது பிரெஞ்சுக் கப்பல். பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சொந்தமானது. 1757-ல் ஐரோப்பியக் கடலில் ஈகிள், மெட்வே என்ற இரண்டு ஆங்கிலக் கப்பல்கள் அதைப் பிடித்தன. ஈகிளில் அப்போது சிறிய பதவியில் இருந்த ஒருவர் ஜேம்ஸ் குக், பின்னாளில் பசிபிக்கின் பெரும்பகுதியை வரைபடத்தில் கொண்டுவந்தவர். பிடித்தவர்கள் பெயரைக்கூட மாற்றாமல் தங்கள் கொடியை ஏற்றினார்கள். பிரெஞ்சுக் கம்பெனியின் கப்பல், பிரெஞ்சுக் கம்பெனியின் தலைநகரைப் பட்டினி போட வந்து, அந்த நகருக்கு எதிரிலேயே மூழ்கியது. அதைப் பிடித்த மெட்வே அதே இரவில், அதே கடலில், பாய்மரம் இழந்து தப்பியது.

காற்று ஏன் திரும்பியது

தானே புயல் அன்று நான் கடலூர் முதுநகரில் இருந்தேன். விடிவதற்கு முன்பு வடக்கிலிருந்து அடித்த காற்றில் எங்கள் வீட்டு முருங்கை தெற்கே சாய்ந்தது. பிறகு கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. “முடிஞ்சு போச்சு” என்று பக்கத்து வீட்டு அண்ணன் வாசலுக்கு வந்து ஓடு பொறுக்க ஆரம்பித்தார். என் அம்மாதான், “உள்ள போப்பா, இன்னொரு பாதி இருக்கு” என்று கத்தினார். அந்த இன்னொரு பாதி எதிர்த்திசையிலிருந்து வந்தது. தெற்கே சாய்ந்து நின்ற மரம் வடக்கே பிய்ந்து விழுந்தது.

நம் பக்கத்துக் கடலில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். அது கிழக்கிலிருந்து கரையை நோக்கி வரும்போது, அதன் முன்பகுதி நம் மேல் இருக்கும்; காற்று வடக்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ அடிக்கும். நடுக்கண் நம்மைக் கடக்கும்போது அமைதி. பின்பகுதி வரும்போது காற்று தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் அடிக்கும். 1761-ல் பதிவான வரிசை ஏறக்குறைய இதேதான்: வடமேற்கு, வடகிழக்கு, அமைதி, தென்கிழக்கு. புயலின் கண் துறையின் மீதோ அதற்கு மிக அருகிலோ கடந்திருக்க வேண்டும்.

இப்போது நங்கூரத்தில் நிற்கும் கப்பலை எண்ணிப் பாருங்கள். முதல் பாதியில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அந்த நேரத்தில் வடத்தை வெட்டினால் காற்றே கப்பலை ஆழ்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். அங்கே முட்டிக்கொள்ளக் கரை இல்லை, உடையும் அலை இல்லை. பத்து மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையே இரண்டு மணி நேரம் இந்த வழி திறந்திருந்தது. இரண்டாம் பாதியில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசுகிறது. அப்போது வடம் அறுந்தால் நேரே கரைதான். அறாவிட்டால் இன்னும் மோசம். முன்பக்கம் வடத்தால் கட்டுண்டிருக்கும் கப்பல், எழும் அலையோடு தானும் எழ முடியாது. அலை தளத்தின் மீதே உடையும். தண்ணீர் உள்ளே இறங்கும்.

புயல் என்பது சுழற்காற்று என்ற விஷயம் அப்போது பரவலாகத் தெரியாது. ஆங்கிலத்தில் இன்று புயலுக்கு வழங்கும் ‘சைக்ளோன்’ என்ற பெயரைக் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் உருவாக்கியதே 1840-களில்தான். ஆகவே காற்று திரும்பும் என்று கப்பல் தலைவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காற்று கடலை நோக்கி அடிக்கும்போதே கிளம்பிவிட வேண்டும் என்பது எந்த மாலுமிக்கும் தெரிந்த பாடம். தெரிந்தும் ஏன் நின்றார்கள்?

அக்கால ஆங்கிலக் குறிப்புகள் சொல்லும் காரணம் கடற்படை ஒழுங்கு. உத்தரவில்லாமல் இடத்தை விட்டு நகரக் கூடாது. இதோடு நான் ஒன்றைச் சேர்ப்பேன். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1757 மார்ச்சில், அட்மிரல் பிங் என்பவரை அவருடைய சொந்தக் கடற்படையே ஒரு கப்பல் தளத்தில் நிறுத்திச் சுட்டுக் கொன்றது. குற்றம், தன்னால் முடிந்த அளவு முயலவில்லை என்பது. அட்மிரலுக்கே அந்தக் கதி என்றால், முற்றுகை நடக்கும்போது, கோட்டைக்கு அரிசி வரும் வழியைத் திறந்துவிட்டு, சைகை இல்லாமல் வடத்தை வெட்டிக்கொண்டு போகும் தலைவன் மறுநாள் என்ன பதில் சொல்வான்? விடியும்போது புயல் லேசாகப் போயிருந்தால் அவன் கோழை. இது என் ஊகம்தான். ஆனால் அந்த இருட்டில் ஒவ்வொரு தலைவன் மனத்திலும் இந்தக் கணக்கு ஓடாமல் இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஸ்டீவன்ஸ் மேலும் தவறு இருக்கிறது. பகல் முழுவதும் அலை சொல்லிக்கொண்டே இருந்தது. மாலை வெளிச்சம் இருக்கும்போதே, கொடி தெரியும்போதே, சைகை கொடுத்திருக்கலாம். அவர் கொடுத்தது பத்து மணிக்கு, யாருக்கும் கேட்காத நேரத்தில். சைகை கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியோடு அவர் மட்டும் போய்ச் சேர்ந்தார்.

தேவனாம்பட்டினத்தில் ஏற்கெனவே நடந்தது

இது புதிதாக வந்த பாடமும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, இங்கிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம் தெற்கே, கடலூரில் இதே கடற்படை இதே அடியை வாங்கியிருந்தது.

கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி 1690-ல் மராட்டியரிடம் வாங்கியது. கோட்டையிலிருந்து நான்கு பக்கமும் பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம்வரை உள்ள ஊர்களெல்லாம் எங்களுடையது என்று எடுத்துக்கொண்டார்கள். குண்டு கிராமங்கள் என்று பெயர். குண்டு உப்பலவாடியும் குண்டு சாலையும் இன்றும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அந்த வழியாகத் தினமும் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஏன் குண்டு என்று தெரியாது.

1749 ஏப்ரலில் அட்மிரல் பாஸ்கவன் கோட்டையில் கரையிறங்கி இருந்தார். அவருடைய தலைமைக் கப்பல் நாமூர், 74 பீரங்கிகள் கொண்டது, வெளியே நங்கூரத்தில் நின்றது. ஆங்கிலேயர் அப்போது பழைய நாட்காட்டியில் இருந்ததால் அவர்கள் எழுதிய ஏப்ரல் 13 நம் கணக்கில் ஏப்ரல் 24. அன்றைய புயலில் நாமூர் மூழ்கியது, இறந்தவர்கள் 520 பேர். பெம்புரோக் என்ற இன்னொரு போர்க்கப்பல் தெற்கே பரங்கிப்பேட்டைப் பக்கம் உடைந்தது. 330 பேர் போக, 12 பேர் மட்டும் கரையேறினார்கள். அப்பல்லோ என்ற மருத்துவக் கப்பலும் போயிற்று. கம்பெனியின் இரண்டு வணிகக் கப்பல்கள் கடலூர்க் கரையில் ஏறின. தேவிக்கோட்டையைப் பிடிக்க நடந்துகொண்டிருந்த ஆங்கிலப் படை பரங்கிப்பேட்டை அருகே முகாம் போட்டிருந்தது. கூடாரம் பறந்து, வண்டி மாடுகள் செத்து, படை பாதி வழியிலேயே குலைந்தது. பாஸ்கவன் கரையில் இருந்ததால் பிழைத்தார்.

திறந்த கடலில் நங்கூரத்தை நம்பி நிற்காதே என்பதற்கு இதைவிட உரத்த சைகை என்ன வேண்டும்? ஆனால் 1749 ஏப்ரல் மாதம். அது ‘தப்பான காலத்தில் வந்த புயல்’ என்று ஒதுக்கிவிட்டார்கள் போலும். 1760 டிசம்பர் கடைசியும் அதே கணக்கில் ‘தப்பான காலம்’தான்.

கரையில் ஏறியவர்கள்

எனக்கு இந்த வழக்கிலேயே மிகவும் வியப்பான பகுதி அரியாங்குப்பத்துப் பக்கம் மணலில் ஏறிய மூன்று கப்பல்கள். மூழ்கிய மூன்றில் கிட்டத்தட்ட எல்லோரும் செத்தார்கள். கரையில் ஏறிய மூன்றில் செத்தவர்கள் மொத்தம் ஏழே பேர். அந்த ஏழு பேரும் கப்பல் உடைந்து சாகவில்லை. கரை தெரிந்ததும் பொறுமை இழந்து, விடிவதற்கு முன் அலையில் இறங்கியவர்கள். மற்றவர்கள் மரத்தைப் பிடித்துக்கொண்டு கப்பலிலேயே இருந்தார்கள். காற்று தணிந்ததும் நடந்து வந்தார்கள்.

2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில், சென்னைக்கு வெளியே நங்கூரத்தில் நின்ற பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரம் இழுபட்டு பெசன்ட் நகர் கடற்கரையில் வந்து ஏறியது. தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள், மறுநாள் ஊரே போய்ப் படம் எடுத்தது. கப்பல் முழுதாகவே இருந்தது, உள்ளே தங்கியவர்கள் பிழைத்தார்கள். இறந்தவர்கள் உயிர்காப்புப் படகில் இறங்கியவர்களில் சிலர். படகு அலையில் கவிழ்ந்தது. இரும்புக் கப்பல், இயந்திரம், செயற்கைக்கோள், வானொலி எல்லாம் இருந்தும் வரிசை மாறவில்லை: திறந்த கடல், நங்கூரம் இழுபடுவது, கரை, இறங்கியவர்கள். இன்று புயல் வருகிறதென்றால் சென்னைத் துறைமுகத்தில் நிற்கும் பெரிய கப்பல்களை முன்கூட்டியே ஆழ்கடலுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நார்ஃபோக் செய்ததும் அதுதான்.

லாலிக்குக் கிடைக்காத புத்தாண்டு

நிலத்திலும் ஆங்கிலேயர் நிலைமை படுமோசம். கடல் கரை தாண்டி முள்வேலி அரண் வரை உள்ளே வந்தது. பீரங்கி மேடைகள் கரைந்தன, கூடாரங்கள் பறந்தன, வெடிமருந்து நனைந்தது. முகாமில் கூலி ஆட்களும் மாடுகளும் குளிரிலும் வெள்ளத்திலும் செத்தார்கள். அன்று காலை முந்நூறு பேர் துப்பாக்கியோடு கோட்டையிலிருந்து வந்திருந்தால் எதிர்க்க நூறு பேர்கூடத் தேறியிருக்க மாட்டார்கள். வரவில்லை. வெள்ளம் இவர்களுக்கு மட்டும் இல்லையே, வெளியே வரும் வழியும் அதில்தான் இருந்தது. பட்டினி கிடந்த சிப்பாய்கள் அந்தச் சேற்றில் பீரங்கி இழுக்க முடியாது.

கடல் வழி திறந்தது மட்டும் மிச்சம். அதுவும் நாள் கணக்கில்தான். ஸ்டீவன்ஸ் நார்ஃபோக்கோடு திரும்பினார். திருகோணமலைப் பக்கமிருந்து மற்றக் கப்பல்களும் வந்து சேர்ந்தன. ஒரு வாரத்துக்குள், என்னிடம் பதினொரு பெரிய போர்க்கப்பல்களும் இரண்டு சிறியவையும் இருக்கின்றன, முற்றுகை தொடர்கிறது என்று டச்சுக்காரர் போன்ற நடுநிலையாளர்களுக்கு அவர் எச்சரிக்கைக் கடிதம் எழுதினார். லாலி கேட்ட சலங்குகள் வரவேயில்லை.

ஜனவரி 16 அன்று ஆங்கிலேயர் வில்லியனூர் வாசல் வழியாக உள்ளே நுழைந்தார்கள். அந்த நாட்களில்தான், கோட்டை விழுவதற்குச் சற்று முன்பு, இருபத்தைந்து ஆண்டுகளாக இந்த ஊரின் ஒவ்வொரு கப்பல் வரவையும் நாட்குறிப்பில் எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை இறந்துபோனார். வென்றவர்கள் கோட்டையையும் நகரின் பெரும்பகுதியையும் இடித்துத் தள்ளினார்கள். இன்று நாம் பார்க்கும் நேர்கோட்டுத் தெருக்களின் கட்டடங்கள், 1765-ல் ஊர் திரும்பக் கிடைத்தபின் எழுந்தவை. ஸ்டீவன்ஸ் அதே ஆண்டு மே மாதம் பம்பாயில் இறந்தார். லாலியைப் பிரெஞ்சு அரசு துரோகி என்று சொல்லி 1766-ல் பாரிஸில் தலையை வெட்டியது.

எல்லாவற்றையும் எழுதி முடித்தபின் வீராம்பட்டினத்துப் பெரியவரிடம் மறுபடியும் போனேன். இந்த முறை வருடத்தையும் சொன்னேன். மூன்று கப்பல்கள் ஏறிய இடம் ஏறக்குறைய இங்கேதான் எங்கேயோ இருக்க வேண்டும், ஆற்று வாய்க்கு வடக்கா தெற்கா என்று தெரிந்தால் நன்றாக இருக்கும் என்றேன். அவர் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக் கொஞ்ச நேரம் முகத்துவாரத்தைப் பார்த்தார்.

“எந்த வாய்க்கு? நான் சின்னப் பையனா இருந்தப்ப அது அதோ அங்க இருந்துச்சு” என்று வேறொரு பக்கம் காட்டினார். “அந்தக் காலத்துல எங்க இருந்துச்சோ.”